இன்னும் ஒரே ஆயிரம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அந்த வட்டாரத்தில் யாரும் வழி காட்ட மாட்டார்கள். "மூவாயிரம் டீச்சர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், நான்கு பேர் கை நீட்டுவார்கள். சம்பளத்தை வைத்து வந்த பேர் என்று நினைத்துவிட வேண்டாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு வட்டங்கள் இருக்கும் இல்லையா? ஒன்று வண்டியின் வேகத்தைக் காட்டும். இன்னொன்று இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும். அந்த இரண்டாவது வட்டத்தில் முள் மூவாயிரத்தைத் தாண்டினால் டீச்சருக்கு ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

டீச்சர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. சுவரில் இடித்தாலும் "பரவால்ல, இப்ப ரிவர்ஸ் போடுங்க" என்பார். ஆனால் முள் மூவாயிரத்தைத் தொட்டதும் அவர் வாயிலிருந்து ஒரு "போதும்!" வரும் பாருங்கள், அப்பப்பா! அதற்குப் பயந்தே கால் தானாக மேலே வந்துவிடும். பக்கத்து இருக்கையில் டீச்சரின் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. அது போக மூன்றாவதாக அவருடைய வாய் ஒன்று இருக்கிறது, மற்ற இரண்டையும்விட அதுதான் நன்றாக வேலை செய்யும் என்று அங்கே படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் டிரைவிங் பள்ளி தொடங்கிய புதிதில் ஒரு பழைய கார் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு மாணவர் அதை மேட்டில் கத்தக் கத்த ஓட்ட, பாதி வழியில் புகை கக்கி, இன்ஜின் இறுகி நின்றேபோய்விட்டது. டீச்சர் அப்போது பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். கடைசியாக அது போட்ட கூச்சல் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. இன்ஜின் கத்துகிறது என்றால் அதற்கு எங்கோ வலிக்கிறது என்று அன்றைக்கு முடிவு கட்டியவர்தான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தச் சாம்பல் நிறக் கார். வீட்டுக்காரர் லாரி, பஸ் ஓட்டக் கற்றுக்கொடுப்பார், டீச்சர் கார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்காரர் இந்தக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பழைய வண்டி. நான்கு கதவு, சதுர மூஞ்சி. அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

"இதுல ரெண்டு வண்டி இருக்கு, தெரியுமா?" என்றார்.

டீச்சர் முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஒண்ணு இங்க நிக்குது. இன்னொண்ணு எங்க, டிக்கியிலயா?"

"கிண்டல் பண்ணாத. சொன்னாப் புரியாது, கேக்கணும்."

அந்த மனுஷனுக்கு வாய் சாமர்த்தியம் போதாது. லாரியைத் திருப்பச் சொல்லிக்கொடுக்கும்போதே "இப்பிடி… அப்பிடி… ஆங், அப்பிடித்தான்" என்றுதான் சொல்வார். மாணவர்கள் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். அதனால் விளக்கம் எதுவும் சொல்லாமல் மனைவியை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டுச் சாலைக்குப் போனார். இரண்டாவது கியரில் போட்டு மிதித்தார். முள் மூவாயிரம், நாலாயிரம், அதற்கும் மேலே என்று ஏறியது. டீச்சர் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு "போதும்!" என்று போட்டார் ஒரு சத்தம். வீட்டுக்காரர் உடனே காலை எடுத்துவிட்டார்.

"இன்னும் ஒரே ஆயிரம்தான். அதுக்குள்ள நிறுத்திட்டியே."

"ஆயிரமும் வேண்டாம், ஐந்நூறும் வேண்டாம். வீட்டுக்கு ஓட்டுங்க."

இப்படி எத்தனை தடவை நடந்தது என்று கணக்கே இல்லை. எங்காவது மேடு வந்தால் அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்ப்பார். முள் ஏறும். போதும். கால் எடுப்பார். இன்னும் ஒரே ஆயிரம். நாளடைவில் அது வீட்டில் ஒரு கேலியாகிப் போனது. சொந்தக்காரர்கள் வந்தால் டீச்சர் விஷயத்தை எடுத்து விடுவார். "எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா? எல்லாரும் ஒரு கார் வாங்குவாங்க, இவர் ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிட்டு வந்தார். அந்த ரெண்டாவதைத்தான் இன்னும் யாரும் பாக்கல. யாரோ புரோக்கர் நல்லாக் காதுல பூ சுத்தியிருக்கான்." கூடம் முழுக்கச் சிரிக்கும். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வகுப்பு முடித்து வந்து அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த வீட்டுக்காரர் எழுந்திருக்கவே இல்லை. காலில் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. மாரடைப்பு என்றார்கள். டீச்சர் லாரி வகுப்பை மூடினார், கார் வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டார். சாம்பல் கார் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூவாயிரத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் எதையும் தள்ளிப் போடாதவள். "அம்மா, இந்த வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கல. கிளட்ச் போகுது, ஏசி போகுது. வித்துடலாம். பழைய வண்டி எடுத்துப் பிரிச்சு விக்கறவர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வர்றார்" என்று பேசி முடித்துவிட்டாள். டீச்சரும் சரி என்றுவிட்டார். வண்டிதானே, மனுஷனே போயாச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டது வியாழக்கிழமை காலையில்.

வியாழன் மத்தியானம் தையல்காரம்மா வகுப்புக்கு வந்தார். நல்ல பெண்மணி, இருபது வருஷமாக மோட்டார் தையல் மெஷின் ஓட்டுகிறவர். அங்கேதான் வினை. தையல் மெஷினில் கால் மிதியை அமுக்கினால் முழுசாக அமுக்குவார்கள், எடுத்தால் முழுசாக எடுப்பார்கள். ஆக்சிலேட்டரையும் அவர் அப்படித்தான் மிதிப்பார். "அம்மா, இது சட்டை இல்ல, மெல்ல" என்று டீச்சர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் புறவழிச் சாலை. அரை மணி நேரமாக ஓடி வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. மூன்றாவது கியரில் அறுபதில் போய்க்கொண்டிருந்தார்கள். "நாலு போடுங்க" என்றார் டீச்சர். தையல்காரம்மா கியர் கம்பியை நேராகப் பின்னால் இழுப்பதற்குப் பதில் கொஞ்சம் சாய்த்து இழுத்துவிட்டார். அது நாலில் விழாமல் இரண்டில் போய் விழுந்தது. கிளட்சை விட்டதும் வண்டி ஒரு உதறு உதறியது. பயத்தில் அந்த அம்மாவின் வலது கால் தன் இருபது வருஷப் பழக்கத்துக்குப் போய்விட்டது. முழு மிதி!

முள் துள்ளியது. ஐயாயிரத்தைத் தாண்டியது. டீச்சர் "போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் மாறியது.

அதுவரை இருந்தது ஒரே குரல்தான்; ஏற ஏறக் கீச்சென்று போய்க்கொண்டிருந்த குரல். ஒரு நொடியில் அது மறைந்து வேறொன்று வந்தது. அகலமான, அடி வயிற்றிலிருந்து வருகிற, கதவெல்லாம் திறந்துவிட்ட மாதிரியான முழக்கம். கத்தல் இல்லை. வலி இல்லை. வண்டி முதுகில் கை வைத்து முன்னால் தள்ளியது. டீச்சர் நெஞ்சுக்குள் அந்த அதிர்வு போய் உட்கார்ந்தது. வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது, சொல் வரவில்லை. பிறகுதான் கால் தன் வேலையைச் செய்தது. கிளட்சை அமுக்கி, வண்டியை ஓரம் கட்டினார்.

தையல்காரம்மா ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். "டீச்சர், உடைச்சிட்டேனா? நெஜமாவே உடைச்சிட்டேனா?"

டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இன்ஜின் ஒன்றும் நடக்காத மாதிரி முணுமுணுத்துக்கொண்டு நின்றது. புகை இல்லை, வாடை இல்லை.

"இல்லம்மா. உடையல." டீச்சர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் கேட்டுதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நாலு போடுங்க. நேரா இழுங்க."

வீட்டுக்கு வந்து காபி போட்டு, அதைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். இதுல ரெண்டு வண்டி இருக்கு. சொன்னாப் புரியாது, கேக்கணும். ஏழு வருஷம் அந்த மனுஷன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஏழு வருஷமும் நாலு பேர் நடுவில் வைத்து அவனைக் கோமாளியாக்கியாயிற்று. அவன் சொன்னது உண்மையாக இருந்தால்? உண்மையா இல்லையா என்று சொல்லக்கூடிய சாட்சி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் போட்டுவிடப் போகிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலுக்குப் போனார். சாவியைத் திருப்பினார். கியர் போடவில்லை, ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில், பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டினால் திட்டட்டும் என்று மிதித்தார். அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவை. முள் நாலாயிரம் போனது, ஐயாயிரம் போனது, ஆறாயிரத்தைத் தொட்டது. சத்தம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மாறவில்லை. அதே பழைய கீச்சுக் கத்தல்தான். எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

டீச்சர் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவ்வளவுதானா? நேற்றுப் பயத்தில் காது ஏதோ கேட்டுவிட்டதா? மனுஷன் ஏமாந்தவன்தானா? நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. யாரோ கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட மாதிரி அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டிருக்க டீச்சருக்கு நேரம் ஏது? முகத்தைக் கழுவிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு ஸ்பானரிடம் போனார். ஸ்பானர் என்பது மெக்கானிக்குக்கு வீட்டுக்காரர் வைத்த பேர். நாற்பது வயது ஆள், எப்போது பார்த்தாலும் காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகி வைத்திருப்பான். வீட்டுக்காரரும் அவனும் அவ்வளவு நெருக்கம். இந்தக் காரைப் பார்த்துச் சொன்னதே அவன்தான். வண்டி விற்கப்போவது தெரிந்ததிலிருந்து டீச்சரிடம் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் கையிலிருந்த துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா! கடைசில கேட்டுட்டீங்களா? தையல்காரம்மா வந்துதான் கேக்கவைக்கணும்னு இருந்திருக்கு பாருங்க!"

"சிரிக்காத தம்பி. அது என்ன சத்தம்? உடைஞ்சதா, இல்லையா?"

"உடையறதா? அது மூச்சு விட்டுச்சுக்கா. ஒன்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் நல்லா மூச்சு விட்டிருக்கு. இருங்க, வாயால சொன்னா உங்க வீட்டுக்காரர் சொன்ன மாதிரிதான் இருக்கும். தொறந்தே காட்டறேன்."

இன்ஜின் ஆறும் வரை டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தான். பிறகு பானெட்டைத் தூக்கி, மேல் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே எண்ணெயில் மினுங்கிக்கொண்டு நீளமாக ஒரு தண்டு கிடந்தது. அதில் முட்டையை இழுத்துவிட்ட மாதிரி மேடுகள், வரிசை வரிசையாக.

"இன்ஜினுக்கு ஏன் சத்தம் வருதுன்னு மொதல்ல பாருங்க. உள்ள வெடிக்குது, அதான். ஒரு சுத்துக்கு ரெண்டு வெடி. உங்க மூவாயிரத்துல ஓடறப்ப செகண்டுக்கு நூறு வெடி. தனித்தனியா நம்ம காதுக்குக் கேக்காது, சேர்ந்து ஒரே ரீங்காரமா கேக்கும். ஆறாயிரத்துக்குப் போனா எரநூறு வெடி. பாடறவங்க கீழ ஒரு சுரத்தப் புடிச்சு, அதே சுரத்த மேல போய்ப் பாடுவாங்கல்ல, அந்த மாதிரி சத்தம் ஏறும். இது எல்லா வண்டிக்கும் உள்ளது. ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும். நீங்க கேட்டது அப்படி இல்லையே?"

"இல்ல. ஆளே மாறின மாதிரி இருந்துச்சு."

"அதான். இங்க பாருங்க. காத்து உள்ள வர்றதுக்குக் கதவு இருக்கு, வால்வுன்னு சொல்வோம். இந்த மேடு வந்து இந்த இரும்புக் கைய அமுக்கினா கதவு தொறக்கும். மேடு மூணு மூணா இருக்கா? ஓரத்துல இருக்கற ரெண்டும் குட்டை. நடுவுல இருக்கறது?"

டீச்சர் குனிந்து பார்த்தார். நடுவில் இருந்தது ஒரு நெல் கனத்துக்குத்தான் கூட உயரம். சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது.

"மெல்லப் போறப்ப குட்டை மேடுதான் கதவத் தொறக்கும். கொஞ்சமாத் தொறந்து சீக்கிரம் மூடும். அப்ப அது போதும். நம்ம வீட்டுக்குள்ள நடக்கறப்ப ஓடறவன் மாதிரி மூச்சு வாங்கினா தலைதான் சுத்தும். ஆனா ஓடறப்ப அந்த மூச்சு பத்தாதுல்ல? அதுக்குத்தான் நடு மேடு. அது கதவ அகலமா, நெறைய நேரம் தொறந்து வைக்கும்."

"அப்ப இத்தன நாள் அது சும்மாவே நின்னுச்சா?"

"எங்க நிக்குது! தண்டு சுத்தினா அதுவும் சுத்தணுமே. நீங்க மூவாயிரத்துல போன ஒவ்வொரு நாளும் அதுவும் கூடவே சுத்தியிருக்கு. அதோட கை மேல போகும், கீழ வரும். ஆனா பக்கத்துக் கையோட சேரல. வெறும் காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு."

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அத்தனை மாணவர்கள், அத்தனை மழை, அத்தனை சிக்னல். அவ்வளவு நேரமும் இது உள்ளே தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்பார் இல்லாமல்.

"அஞ்சாயிரத்தைந்நூறு பக்கம் போனா எண்ணெய் வேகமாப் பாஞ்சு ஒரு இரும்புப் பின்னத் தள்ளும்" என்று சுண்டு விரலின் நுனியைக் காட்டினான். "இத்தனூண்டு பின்னு. அது மூணு கையையும் கோத்து ஒரே கையாக்கிடும். அப்பறம் நடு மேடு சொல்றதுதான் சட்டம்."

"இன்ஜின நிறுத்தாமலயா?"

"நிறுத்தறதாவது! இந்தத் தண்டு அப்ப செகண்டுக்கு நாப்பத்தஞ்சு தடவைக்கு மேல சுத்திக்கிட்டு இருக்கும். ஒரு மேடு கடந்து அடுத்த மேடு வர்றதுக்குள்ள, மூணு கையும் ஒரே வரிசைல வந்து நிக்கும் ஒரு துளி நேரம். அதுக்குள்ள பின்னு உள்ள போய்டணும். போய்டும். அடுத்த திறப்புலயே கதவு அகலமாத் தொறந்துரும், காத்து பாஞ்சு வரும். வெடியும் பெருசாயிடும். நீங்க கேட்டது அந்தக் காத்தோட சத்தம்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் இமைப்பதைவிடப் பத்துப் பங்கு குறைவான நேரத்தில், கொதிக்கும் எண்ணெய்க்குள்ளே, யாரும் பார்க்காமல், ஒரு விரல் நுனி அளவு இரும்பு தன் இடத்தைத் தவறாமல் கண்டுபிடித்துப் போய் உட்காருகிறது! இதைச் செய்ய முடியும் என்று எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து நினைத்திருக்கிறான். நினைத்தது மட்டுமில்லாமல் செய்தும் வைத்திருக்கிறான். டீச்சர் விரலை நீட்டி அந்த நடு மேட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"அப்ப காலையில வாசல்ல வச்சு அமுக்கினேனே, ஏன் வரல?"

"எடுத்த எடுப்புல, ஆறிக் கெடந்த வண்டியவா? நிறுத்தி வச்சுக்கிட்டா?" ஸ்பானர் தலையில் அடித்துக்கொண்டான். "எண்ணெய் நல்லாச் சூடேறணும், வண்டி ஓடணும். இல்லாட்டி அது அசைஞ்சு குடுக்காது. அதுக்கும் அறிவு இருக்குக்கா."

டீச்சருக்கு இப்போது ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்தால் மனசு கொஞ்சம் ஆறும்.

"அவரு தனியா ஓட்டிக் கேட்டிருப்பாருல்ல? நான் இல்லாதப்ப?"

ஸ்பானர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வாங்கின அன்னிக்கு நான் ஓட்டினேன், அவர் பக்கத்துல உக்காந்திருந்தார். அன்னிக்குக் கேட்டதுதான். சின்னப் பையன் மாதிரி கையத் தட்டினார். அப்பறம் எத்தனையோ தடவ நானே கூப்பிட்டேன், 'வாங்கண்ணே, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்'னு. வர மாட்டார். 'அவ கேக்கட்டும்டா மொதல்ல, அப்பறம் தினமும் கேக்கலாம்'பார்."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஸ்பானர் மூடியைத் திரும்பப் போட்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் மருந்துக் கடையிலிருந்து வந்ததும் டீச்சர் சாவியோடு நின்றார். "வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"இப்பவா? எங்க?"

"வண்டி நாளைக்குப் போயிடும். வாடின்னா."

மகள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். அம்மாவின் இடத்தில், அந்த இரண்டு மிதிகளுக்கு மேலே காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஊரைச் சுற்றி அரை மணி நேரம் மெல்ல ஓட்டினார். "எங்கம்மா போறோம்?" என்று மகள் கேட்டபோதெல்லாம் "எண்ணெய் சூடேறணும்" என்று ஒரே பதில். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மகள் நினைத்தாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டுச் சாலை காலியாகக் கிடந்தது. டீச்சர் இரண்டாவது கியரில் போட்டு மிதித்தார். முள் மூவாயிரத்துக்குப் போனதும், சொல்லி வைத்த மாதிரி, அவர் கால் தானாக மேலே வந்துவிட்டது. சீ! இன்னொரு தடவை மிதித்தார். மறுபடியும் அதே இடத்தில் கால் பின்வாங்கியது. அத்தனை வருஷம் மற்றவர்கள் காலைப் பிடித்து இழுத்த பழக்கம் தன் காலையே பிடித்து இழுத்தது. டீச்சருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தையல்காரம்மாவை நினைத்துக்கொண்டு, ஒரே மிதி மிதித்தார்.

மூவாயிரம் போனது. நாலாயிரம் போனது. கீச்சுச் சத்தம் ஏறியது. மகள் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா!"

அச்சு அசல் டீச்சரின் குரல். அதே உயரம், அதே வெட்டு, முள்ளும் அதே இடத்தில். இவ்வளவு வருஷத்தில் டீச்சர் அந்தச் சொல்லை இந்த இருக்கையில் இருந்து கேட்டதே இல்லை. கால் கூசியது. எடுத்துவிடலாம் போல இருந்தது. இதைக் கேட்டுத்தானே அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் எடுத்தான்? மகளின் கால் கீழே பிரேக்கைத் தேடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"அதை மிதிக்காத!" என்றார் டீச்சர். "இன்னும் ஒரே ஆயிரம்தான்."

வந்தது. மேட்டின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, கீச்சுக் குரலைத் துடைத்து எறிந்துவிட்டு, அந்த அகலமான முழக்கம் வந்தது. இந்தத் தடவை பயம் இல்லாமல், காதைத் திறந்து வைத்துக்கொண்டு டீச்சர் கேட்டார். உள்ளே எண்ணெய் பாய்வதும், சுண்டு விரல் நுனி அளவு இரும்பு நகர்வதும், காற்றில் ஆடிக்கொண்டிருந்த கை பக்கத்துக் கையைப் பிடிப்பதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. சாலை காலுக்கடியில் சுருட்டிக்கொண்டு ஓடியது. உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. எவ்வளவு பெரிய மூச்சு! எவ்வளவு நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு! மகள் முன்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள்.

உச்சியில், தொட்டிக்குப் பக்கத்தில், வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். சூட்டில் இரும்பு டிக் டிக்கென்றது. மகளுக்குக் கண் அகலமாகத் திறந்திருந்தது.

"அம்மா… அப்பா சொன்னது…"

"ஆமா."

"நெஜமாவே ரெண்டு வண்டியா?"

"ஆமாடி. உங்கப்பா ஏமாறவும் இல்ல, பொய் சொல்லவும் இல்ல. நாமதான் சிரிச்சோம்."

சொல்லிவிட்டு டீச்சர் ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மகள் திடுக்கிட்டுப் பார்க்க, அம்மா எதிரே வீட்டுக்காரரே நிற்கிற மாதிரி, சத்தம் போட்டுத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏங்க காலை எடுத்தீங்க? நான் கத்தினா கத்திட்டுப் போறேன்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேக்காம அமுக்கியிருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் நான் சொன்னதையே கேக்கணுமா? நல்ல மனுஷன்னா இப்படியா?"

திட்டித் தீர்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகளும் அழுதாள். பிறகு அவள்தான் முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தாள். பழைய வண்டி வாங்குகிறவருக்கு அடித்தாள்.

"நாளைக்கு வர வேண்டாங்க. வண்டி குடுக்கறதா இல்ல… ஆமா, பழசுதான்… இல்லங்க, வேற யாருக்கும் குடுக்கல."

அந்தப் பக்கம் அவர் விடாமல் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு வண்டி இருக்குங்க" என்றாள். "நாங்க இத்தன நாளா ஒண்ணுதான் ஓட்டியிருக்கோம்."